ஜாஸ் ஆல்பங்கள்: புதிதாகக் கேட்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கச்சேரியும் சினிமாப் பாட்டும் கேட்டுப் பழகிய காதோடு ஜாஸ் பக்கம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஜாஸின் முழு வரலாறு இங்கே இல்லை. எதை முதலில் எடுக்கலாம், எதைத் தள்ளிப்போடலாம், தட்டின் பின்னட்டையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேச்சு. ரசனை சம்பந்தப்பட்ட இடங்களில் என் கட்சியை நான் மறைக்கவில்லை.

ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள். எதில் ஆரம்பிப்பது?

‘எல்லா அண்ட் லூயி’, 1956. பெரும்பாலானவர்கள் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைத்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பாட்டு என்றாலே குரல் என்று வளர்ந்தவர்களுக்கு வாத்தியம் மட்டும் முக்கால் மணி நேரம் ஓடினால் கவனம் நழுவிவிடும். குரலில் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல் வழுவழுவென்று போகும். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரல் ஜல்லிக்கல். பின்னால் ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ, ஹெர்ப் எல்லிஸ் கிட்டார், ரே பிரவுன் பாஸ் (கீழ் ஸ்தாயியில் நடக்கும் பெரிய தந்தி வாத்தியம்), படி ரிச் டிரம்ஸ். படி ரிச் கூரை அதிர வாசிக்கிற ஆள் என்று பேர் எடுத்தவர். இதில் அவர் இருப்பதே பல இடங்களில் தெரியாது, அவ்வளவு அடக்கம். லூயி பாடி முடித்துவிட்டு டிரம்பெட்டை எடுக்கும் இடங்களைக் கவனியுங்கள். குரலில் எந்த எழுத்தைப் பிடித்து இழுத்தாரோ, டிரம்பெட்டிலும் அதே இடத்தில் இழுப்பார். பாட்டும் வாசிப்பும் ஒரே ஆளின் பேச்சு என்பது அங்கே புரிந்துவிடும். ஜாஸில் பாடுபவர்களையும் வாசிப்பவர்களையும் தனித்தனி அலமாரியில் வைக்க முடியாததற்குக் காரணமும் அதுதான்.

ஒரே பாட்டை இருபது பேர் பதிவு செய்திருக்கிறார்களே, எது ‘ஒரிஜினல்’?

அந்தக் கேள்விக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. இந்தப் பாட்டுகளில் பாதி, பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. ஜாஸ்காரர்களுக்கு அவை வெறும் கீர்த்தனை மாதிரி: எல்லோருக்கும் பொது, யார் எப்படி எடுத்தாள்கிறார் என்பதில்தான் விஷயம். ‘எந்தப் பாட்டு’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘எந்த நாள், கூட யார் யார்’ என்று கேட்கப் பழகுங்கள். ஜாஸ் தட்டு என்பது ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட அறையில், நாலைந்து பேர் சேர்ந்து வாசித்ததன் பதிவு.

‘பாடி அண்ட் சோல்’ 1930இல் வந்த பாட்டு. 1939 அக்டோபர் 11 அன்று கோல்மன் ஹாக்கின்ஸ் டெனர் சாக்ஸபோனில் அதை வாசித்தார். முதல் சில ஆவர்த்தனங்களில்தான் மெட்டு அடையாளம் தெரியும். அப்புறம் மூன்று நிமிடம் முடியும்வரை அவர் மெட்டுப் பக்கம் திரும்பவே இல்லை, முழுக்க மனோதர்மம். அந்தத் தட்டு விற்றும் தீர்த்தது. அதற்குப் பிறகு டெனர் சாக்ஸபோன் பிடித்த ஒவ்வொருவரும் அந்த மூன்று நிமிடத்துக்கு ஏதோ ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

இன்னொன்று. ஜான் கோல்ட்ரேனும் அவருடைய மூன்று பக்கவாத்தியக்காரர்களும் 1963 மார்ச் 6 அன்று ஒரு முழு ஆல்பத்துக்கான சரக்கைப் பதிவு செய்தார்கள். அது வெளிவராமலே கிடந்து 2018இல்தான் ‘போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்’ என்ற பெயரில் வந்தது. பல இடங்களில் முட்டி மோதுகிற வாசிப்பு. மறுநாள், மார்ச் 7, அதே நால்வர் அதே ஸ்டூடியோவுக்கு வந்து பாடகர் ஜானி ஹார்ட்மனோடு உட்கார்ந்து, தாலாட்டுப் போல ஒரு காதல் பாட்டு ஆல்பம் போட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே மாலையில் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் சுவரை இடித்த கை, இரண்டாம் நாள் ஒரு பாடகருக்கு எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறது என்று தெரியும்.

பின்னட்டையில் எதைப் பார்ப்பது?

தேதி, இடம், பாஸ், டிரம்ஸ். தலைப்பில் இருக்கும் பெயரைக் கடைசியில் பாருங்கள். பாஸில் பால் சேம்பர்ஸ் அல்லது ரே பிரவுன், டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச், எல்வின் ஜோன்ஸ், ராய் ஹெய்ன்ஸ் என்று இருந்தால் முன்னால் நிற்பவரைத் தெரியாவிட்டாலும் நம்பி எடுக்கலாம்.

ஒலிப்பதிவு ரூடி வான் கெல்டர் என்றிருந்தால் இன்னும் நல்லது. மனிதர் பகலில் கண் பரிசோதனை செய்து கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தவர். நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் தன் பெற்றோர் வீட்டு ஹாலைத்தான் ஸ்டூடியோவாக வைத்திருந்தார். கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’ (1957), கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’ (1958), ஆர்ட் பிளேக்கியின் ‘மோனின்’’ (1958) எல்லாம் அந்த ஹாலில் பிறந்தவை. 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டி, கண்ணாடித் தொழிலை விட்டார்.

இந்த மூன்றையும் வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்தை நடத்திய ஆல்ஃபிரட் லயன், ஃபிரான்சிஸ் வுல்ஃப் இருவரும் பெர்லினிலிருந்து வந்தவர்கள். மற்ற சின்ன நிறுவனங்கள் செய்யாத ஒன்றை லயன் செய்தார்: ஒத்திகைக்கும் சம்பளம் கொடுத்தார். பதிவில் அது கேட்கிறது. எடுப்பும் முடிப்பும் பிசிறில்லாமல் விழும்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஆள்கட்டு ஒன்று. மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட், கோல்ட்ரேன் டெனர், கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸபோன், பில் எவன்ஸ் பியானோ, பால் சேம்பர்ஸ் பாஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். ஒரே ஒரு பாட்டில், ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, பியானோ வின்டன் கெல்லி. அப்போது குழுவின் நிரந்தரப் பியானோக்காரர் கெல்லிதான். எவன்ஸ் சில மாதங்களுக்கு முன்பே விலகியிருந்தார். பதிவன்று எவன்ஸையும் மைல்ஸ் கூப்பிட்டிருந்தது கெல்லிக்கு ஸ்டூடியோவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பதிவு 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள். இடம் நியூயார்க் 30ஆம் தெருவில், தேவாலயமாக இருந்து கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டூடியோவாக மாறிய கட்டடம். கூரை உயரம் அதிகம். டிரம்பெட் ஓசை அடங்கும்போது அதைச் சுற்றி ஒரு காற்று வட்டம் இருப்பதுபோல் கேட்பது அதனால்தான். மைல்ஸ் கையில் முழு இசைக்குறிப்பு இல்லை, சின்னச் சின்னக் கோடு காட்டல்கள் மட்டும். ஐந்து பாட்டில் ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ ஒன்றைத்தான் இரண்டு முறை முழுசாக வாசித்தார்கள்.

நம் காதுக்கு நெருக்கமான இடம் முதல் பாட்டு, ‘சோ வாட்’. அதுவரை ஜாஸில் ஆவர்த்தனத்துக்கு ஒன்று, இரண்டு என்று கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அவற்றின் பின்னால் ஓட வேண்டும். மைல்ஸ் அதை நிறுத்தினார். இரண்டு கட்டையில் பதினாறு ஆவர்த்தனம், அப்படியே அரைக் கட்டை ஏறி இரண்டரைக் கட்டையில் எட்டு, மறுபடி இரண்டு கட்டைக்கு இறங்கி எட்டு. அவ்வளவுதான் அமைப்பு. புழங்குகிற சுரங்கள் அப்பட்டமான கரகரப்ரியா. கமகம் இருக்காது, ராகமாக ஆளவும் மாட்டார்கள். ஆனாலும் ஒரு சுர வரிசையில் உட்கார்ந்து நிதானமாகக் கட்டுகிற அந்தப் பொறுமை நமக்குப் பழக்கமானது. மைல்ஸின் தனியில் அவர் வாசிக்காமல் விடுகிற இடங்களையும் எண்ணிப் பாருங்கள். அவர் முடித்ததும் கோல்ட்ரேன் வந்து அந்த வெற்றிடத்தை எல்லாம் நிரப்பிவிடுவார், அது வேறு சுவை.

தம்பூரா வைத்துக்கொண்டு கூடவே பாடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு சமாசாரம்: மார்ச் 2 அன்று முக்கிய டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் தட்டின் முதல் பக்கம் முழுவதும் சுருதி சற்றே ஏறிப்போய்த்தான் முப்பது வருஷத்துக்கு மேல் விற்றது. 1990களில், சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப்பை வைத்துத் திருத்தினார்கள். பழைய எல்.பி. தட்டு கிடைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள், சுருதிப் பெட்டியோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

1959ஐ ஏன் எல்லோரும் தனியாகக் குறிப்பிடுகிறார்கள்?

ஒரே வருஷத்தில் பதிவான தட்டுகள் அப்படி. கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’, சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ உம்’, லாஸ் ஏஞ்சலீஸில் ஆர்னெட் கோல்மன் போட்ட ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’, டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வும், மிங்கஸும், புரூபெக்கும் பதிவானது ஒரே 30ஆம் தெரு ஸ்டூடியோவில்.

தாளம் போட்டுக் கேட்கிறவர்கள் ‘டைம் அவுட்’டை விடவே கூடாது. ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கை. கண்ட சாபுவின் ‘தக தகிட’வைத் திருப்பிப் போட்ட மாதிரி ‘தகிட தக’ என்று போகும். நடுவில் ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வரும். அப்போதும் பியானோ அந்த ஐந்தை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும், தாளம் போடுகிறவர் கை ஓயாமல் இருப்பது போல. ‘ப்ளூ ரோண்டோ அ லா துர்க்’ ஒன்பது எண்ணிக்கை: ‘தக தக தக தகிட’ மூன்று முறை, நான்காவது முறை ‘தகிட தகிட தகிட’. இஸ்தான்புல் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் புரூபெக் இந்தக் கணக்கைக் கேட்டது 1958இல், அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த பயணத்தில். அதே பயணம் பிறகு மெட்ராஸுக்கும் வந்தது.

‘டேக் ஃபைவ்’ எழுதியவர் புரூபெக் அல்ல, ஆல்டோ வாசித்த பால் டெஸ்மண்ட். அவர் 1977இல் இறந்தபோது, அந்தப் பாட்டின் ராயல்டியை அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

மிங்கஸ் ஆல்பத்தில் ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ என்று ஒன்று. 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் கறுப்பின மாணவர்களை விடாமல் படையை நிறுத்திய ஆர்கன்சா ஆளுநர் ஓர்வல் ஃபாபஸைக் கேலி செய்வது. கொலம்பியா வார்த்தைகளை அனுமதிக்கவில்லை, வாத்தியம் மட்டும் வந்தது. மறுவருஷம் கேன்டிட் என்ற சின்ன நிறுவனத்துக்கு அதையே வார்த்தையோடு, கத்திக் கூப்பாடு போட்டுப் பதிவு செய்தார். இரண்டில் எது என்றால் எனக்கு இரண்டாவது.

பாடகிகளில் யாரிலிருந்து தொடங்குவது? பில்லி ஹாலிடே குரல் ஏன் சில தட்டுகளில் உடைந்து கிடக்கிறது?

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைச் சொல்லியாயிற்று. பில்லியிடம் போகும்போது வருஷம் பார்த்துப் போக வேண்டும். பலர் செய்வது என்னவென்றால், முதலில் ‘லேடி இன் சாட்டின்’ (1958) கையில் கிடைக்கும், அந்தக் குரலைக் கேட்டுத் திகைத்து ஓடிவிடுவார்கள்.

1930களின் தட்டுகளில் தொடங்குங்கள். டெடி வில்சன் பியானோ, லெஸ்டர் யங் டெனர். 1937 ஜனவரியில் இவர்கள் சேர்ந்து போட்ட ‘திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்’ ஒன்று போதும். பில்லி தாளத்துக்குச் சற்றுப் பின்னால், ஆனால் விழாமல் நடக்கிறார். சாதாரண மெட்டை நாலு சுரத்துக்குள் சுருக்கிவிடுகிறார். அந்தக் குரலுக்கு வீச்சு குறைவு. உயரம் ஏற முடியாத குரல், அந்தக் குறுகிய இடத்துக்குள்ளேயே சங்கதி போட்டுக் காட்டுகிறது. லெஸ்டர் பக்கத்தில் நின்று பதில் சொல்வதுபோல் வாசிக்கிறார். அவருக்குப் பில்லி வைத்த பெயர் ‘பிரெஸ்’. பில்லிக்கு அவர் வைத்தது ‘லேடி டே’.

1939இல் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை அடித்து மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைச் சொல்லும் பாட்டு. எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர். கிரீனிச் வில்லேஜில் கஃபே சொசைட்டி என்ற இடத்தில் பில்லி கடைசிப் பாட்டாக இதைப் பாடுவார். பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், விளக்கை அணைத்து முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம், பாடி முடித்ததும் மறுபாட்டு கிடையாது. அவருடைய நிறுவனமான கொலம்பியா இதைப் பதிவு செய்ய மறுத்ததால் கமடோர் என்ற சின்ன நிறுவனத்துக்குப் போய்ப் பதிவு செய்தார், 1939 ஏப்ரல் 20.

இவற்றுக்கெல்லாம் பிறகு ‘லேடி இன் சாட்டின்’ கேளுங்கள். ரே எல்லிஸ் அமைத்த வயலின் கூட்டம் பட்டுமெத்தை மாதிரி விரிந்து கிடக்க, அதன் மேல் போதையும் சிறையும் தின்ற ஒரு குரல். சிலர் இதைக் கேட்கவே மாட்டேன் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு ‘ஐயாம் எ ஃபூல் டு வான்ட் யூ’வில் வார்த்தைகள் விழும் விதத்துக்கு ஈடு அவருடைய இளவயதுத் தட்டுகளிலும் கிடையாது. 1959 ஜூலை 17 அன்று இறந்தபோது வயது 44.

இன்னும் ஒருவர் என்றால் சாரா வான். 1954இல் டிரம்பெட்டில் கிளிஃபர்ட் பிரவுனோடு சேர்ந்து போட்ட ஆல்பம். பிரவுன் 1956இல் கார் விபத்தில் 25 வயதில் போய்விட்டார். இருவரும் சேர்ந்த ஆல்பம் இது ஒன்றுதான்.

‘ஸ்காட்’ என்பது கல்பனாஸ்வரம் மாதிரியா?

வேலை அதுதான், விதி வேறு. ஸ்வரம் பாடும்போது ‘ரி’ என்றால் ரிஷபத்தில்தான் நிற்க வேண்டும். ஸ்காட்டில் அசைகளுக்கு அர்த்தமும் இல்லை, சுரக் கட்டுப்பாடும் இல்லை. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் எழுப்புகிற ஓசையை வாயால் பிடிக்கிறார்கள். அந்த வகையில் கொன்னக்கோலுக்கும் பக்கம்.

1926இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹீபி ஜீபீஸ்’ இதைப் பிரபலமாக்கிற்று. பாட்டுத்தாள் கை நழுவி விழுந்ததால் வாய்க்கு வந்ததைப் பாடினார் என்று ஒரு கதை உண்டு. நம்புகிறவர்கள் நம்பலாம். உண்மையிலேயே வரி மறந்துபோய், அது தட்டிலும் பதிவானது எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு. 1960 பிப்ரவரி 13, பெர்லின், ‘மேக் த நைஃப்’. பாதியில் வரி போய்விட்டது. மறந்துவிட்டேன் என்பதையே பாட்டு வரியாக்கி, லூயியின் கரகரப்பை மிமிக்ரி செய்து, தாளம் ஒரு இம்மி பிசகாமல் முடித்துவிட்டார். அதற்கு கிராமி வேறு கொடுத்தார்கள். அதே ‘எல்லா இன் பெர்லின்’ ஆல்பத்தின் கடைசியில் ‘ஹவ் ஹை த மூன்’ வருகிறது. ஏழு நிமிடம் ஸ்காட், நடுவே வேறு பாட்டுகளின் துண்டுகளைச் சொருகிக்கொண்டே போவார். எத்தனை பிடிபடுகிறது என்று பந்தயம் கட்டிக் கேட்கலாம்.

பழைய தட்டெல்லாம் ஏன் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது?

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் பிடிக்கும். நீண்ட நேர எல்.பி. தட்டு 1948இல்தான் வந்தது. அந்த இடத்துக்குள் என்ன செய்ய முடியும் என்று பார்க்க ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ (1928) கேளுங்கள். துணையே இல்லாமல் டிரம்பெட் ஒற்றையாக ஏறி இறங்குகிற அந்தத் தொடக்கம் கால் நிமிடம்கூட வராது.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. பெரிய நிறுவனங்கள் இரண்டு இறங்கி வர 1944 நவம்பர் ஆகிவிட்டது. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வேகமும் சிக்கலும் கூடிய ‘பீபாப்’ பாணியைச் செதுக்கியது சரியாக அந்த வருஷங்களில். அதனால் அதன் ஆரம்பம் தட்டில் அநேகமாக இல்லை. 1945 நவம்பரில் பதிவான பார்க்கரின் ‘கோ-கோ’ வந்தபோது வெளியில் இருந்தவர்களுக்கு வானத்திலிருந்து குதித்தது போல் இருந்ததற்கு இதுவும் காரணம். பாடகர்கள் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. வாத்தியக்காரர்கள் ஒதுங்கி நின்ற நேரத்தில் அவர்கள் பதிவுக்குப் போனார்கள். போருக்குப் பிறகு இசைக்குழுத் தலைவர்களைவிடப் பாடகர்கள் பெரிய பெயரானதில் இந்த வேலைநிறுத்தத்துக்கும் பங்கு உண்டு.

‘லைவ்’ என்று போட்டிருப்பதெல்லாம் உண்மையிலேயே மேடைப் பதிவா?

எல்லாம் அல்ல. ‘எல்லிங்டன் அட் நியூபோர்ட்’ கதையைக் கேளுங்கள். 1956 ஜூலை 7, டியூக் எல்லிங்டனின் குழு மார்க்கெட் இழந்து கிடந்த நேரம். இரவு வெகுநேரம் கழித்து ‘டிமினுயெண்டோ அண்ட் கிரெஷெண்டோ இன் ப்ளூ’. நடுவில் டெனர் சாக்ஸபோன்காரர் பால் கொன்சால்வெஸ் எழுந்து 27 சுற்று விடாமல் வாசிக்க, கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டது. மறுமாதம் ‘டைம்’ பத்திரிகை அட்டையில் எல்லிங்டன்.

ஆனால் கொன்சால்வெஸ் வாசித்தது தப்பான மைக்கில். அது வானொலிக்காரர்களின் மைக்; கொலம்பியாவின் மைக் பக்கத்தில் சும்மா நின்றது. நிறுவனம் மற்ற பல பகுதிகளை ஸ்டூடியோவில் மறுபடி வாசிக்க வைத்து, கைதட்டலை ஒட்டி, ‘நியூபோர்ட்’ என்று வெளியிட்டது. வானொலி டேப் பின்னாளில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து 1999இல் வந்த பதிப்புதான் உண்மையான கச்சேரி. வாங்கினால் அதை வாங்குங்கள்.

ஒட்டு வேலை இல்லாத மேடைப் பதிவு வேண்டுமென்றால் பில் எவன்ஸ், 1961 ஜூன் 25, நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறைக் கிளப். ஞாயிற்றுக்கிழமை. ‘சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்’, ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ இரண்டு ஆல்பமும் அந்த ஒரே நாள். கண்ணாடிக் கோப்பை உரசுவது, யாரோ சிரிப்பது, பேச்சு எல்லாம் கேட்கும். ஸ்காட் லஃபாரோவின் பாஸ், பியானோவுக்குக் கீழே நடக்காமல் பக்கத்தில் நின்று வாக்குவாதம் செய்கிறது. பதினொரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். கிளிஃபர்ட் பிரவுனைப் போல அவருக்கும் வயது 25. எவன்ஸ் பல மாதம் மேடை ஏறவில்லை.

கோல்ட்ரேனை எங்கே பிடிப்பது? தலை சுற்றுகிறது.

‘ப்ளூ டிரெய்ன்’, ஹார்ட்மன் ஆல்பம், பிறகு ‘எ லவ் சுப்ரீம்’. இந்த வரிசையில் போனால் தலை சுற்றாது.

‘எ லவ் சுப்ரீம்’ 1964 டிசம்பர் 9 அன்று ஒரே இரவில், வான் கெல்டரின் புது ஸ்டூடியோவில் பதிவானது. மெக்காய் டைனர் பியானோ, ஜிம்மி கேரிசன் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். பாஸில் நாலே நாலு சுரம் கொண்ட ஒரு பிடி வரும். முதல் பாகத்தின் முடிவில் கோல்ட்ரேன் அந்த நாலையும் சுருதி மாற்றி மாற்றிப் பன்னிரண்டு இடங்களிலும் வைத்துப் பார்க்கிறார். எந்தக் கட்டையில் நின்றாலும் அது ஒன்றுதான் என்பதுபோல். கடைசிப் பாகத்தில் தாளம் நின்றுவிடும், விருத்தம் மாதிரி. அது விருத்தமேதான்: அட்டைக்குள் அவர் எழுதிய பிரார்த்தனைக் கவிதை அச்சாகியிருக்கிறது, அதன் ஒவ்வோர் அசையையும் சாக்ஸபோனில் சொல்லிக்கொண்டு போகிறார். கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரிக்கு வரி தொடர முடியும்.

அவர் 1967இல் 40 வயதில் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனைத் தனியாகக் கேட்க வேண்டும். பியானோவும் ஹார்ப்பும் வாசித்தவர். 1971இல் வந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ அவருடைய குருவின் பெயரைத் தாங்கியது. அந்த குரு, கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா; 1969 வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவர்தான். ஆல்பத்தில் தம்பூரா ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேல் ஹார்ப் தெளிக்கும், ஃபாரோ சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்ஸபோன் ஊதுவார். இந்தியச் சாயம் பூசிய எத்தனையோ மேற்கத்திய தட்டுகளில் இது வேறு ஜாதி. ராகத்தை நகல் எடுக்க இதில் யாரும் முயலவில்லை.

கர்நாடக சங்கீதக்காரர்களும் தமிழர்களும் இதில் உண்டா?

உண்டு. ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம் 1975 ஜூலையில் லாங் ஐலண்டில் மேடையில் பதிவாகி மறுவருஷம் வந்தது. வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன், தபேலா ஜாகிர் உசேன். மெக்லாஃப்லினின் கிட்டாரில் மெட்டுக்கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருக்கும். கம்பியை உள்ளே அழுத்தி இழுத்தால் கமகம் வரும், வீணையில் வருவதுபோல. 2023இல் அவர்கள் போட்ட ‘திஸ் மொமென்ட்’டில் விக்குவின் மகன் செல்வகணேஷ் இருக்கிறார்.

விஜய் ஐயர், நியூயார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக்காரர். ‘ஹிஸ்டாரிசிட்டி’ (2009) ஆல்பத்தில், ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’ பாட்டைப் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றையும் வைத்து இடித்துத் தள்ளியிருப்பார். ‘தீர்த்தா’ (2011) கிட்டார் பிரசன்னாவோடும் தபேலா நிதின் மித்தாவோடும். ருத்ரேஷ் மகந்தப்பா சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத்தோடு மோதிய ‘கின்ஸ்மென்’ (2008) இன்னும் நேரடி: இரண்டு ஆல்டோ, கூட ஏ. கன்யாகுமரியின் வயலின், பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கம். எது யார் சாக்ஸபோன் என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் உங்கள் காது தேறிவிட்டது.

ஃப்ரீ ஜாஸ் எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கிறது.

அவசரமில்லை. கார்டு வரிசையின் கட்டை உதறிய வாசிப்புக்குத்தான் அந்தப் பெயர். ஆர்னெட் கோல்மனின் ‘லோன்லி வுமன்’ மட்டும் கேளுங்கள். டிரம்ஸ் வேகமாக ஓடும், மேலே மெட்டு மெதுவாக ஒப்பாரி போல் இழையும். பியானோவே கிடையாது, அதனால் கார்டுக்குக் கட்டுப்படத் தேவையில்லை. பிடித்தால் மேலே போகலாம். பிடிக்காவிட்டால் எல்லிங்டனிடம் திரும்பிப் போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பெண்கள் பாட மட்டும்தான் செய்தார்களா?

இல்லை. மேரி லூ வில்லியம்ஸ் 1945இலேயே பியானோவில் ‘சோடியாக் சூட்’ போட்டவர். மெல்பா லிஸ்டன் டிராம்போன் வாசித்து, இசையமைப்பும் செய்தார். டிரம்ஸ் வாசிக்கும் டெரி லின் கேரிங்டன் 2014இல் ஜாஸ் வாத்திய ஆல்பத்துக்கான கிராமி பெற்ற முதல் பெண். அது அவ்வளவு தாமதமாக நடந்தது என்பது கிராமிக்காரர்களைப் பற்றிச் சொல்கிறது.

கிராமி பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? இப்போது யார் நன்றாகப் பாடுகிறார்கள்?

ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பெரிய விருதை ஜாஸ் ஆல்பம் பெற்றது அபூர்வம்: 1965இல் ‘கெட்ஸ் / ஜில்பெர்டோ’, பிறகு 2008இல் ஹெர்பி ஹான்காக். ஆகவே அந்த வழி உதவாது. இன்றைய பாடகிகளில் செசில் மெக்லோரின் சால்வன்ட்டை முதலில் சொல்வேன். ‘தி விண்டோ’ (2018) பெரும்பாலும் அவர் குரலும் சலிவன் ஃபோர்ட்னரின் பியானோவும் மட்டும். பழைய பாட்டுகளின் வார்த்தைக்குள் ஒளிந்திருக்கும் நக்கலை வெளியே இழுத்துப் போடுகிறார். சமாரா ஜாய் குரல் இன்னும் அழகு. துணிச்சல் செசிலுடையது.

ஒரே ஆல்பத்தில் ஒரே பாட்டு மூன்று முறை வருகிறதே?

மறுவெளியீட்டில், அன்று ஒதுக்கிய டேக்குகளையும் (ஒரே பாட்டைத் திரும்ப வாசித்த பதிவுகள்) சேர்த்துவிடுகிறார்கள். ஆராய்ச்சிக்கு நல்லது, முதல் தடவை கேட்பவருக்குத் தொல்லை. எல்.பி.யில் எத்தனை பாட்டு என்று பார்த்து, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்.பி.யின் ஒரு பக்கம் இருபது நிமிடம். அதில் எது முதலில், எது கடைசியில் என்று யோசித்துத்தான் அடுக்கியிருப்பார்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்டால் போதுமா?

போதாது. பாஸ் கேட்கவே கேட்காது. ‘சோ வாட்’டில் மெட்டைச் சொல்வதே பால் சேம்பர்ஸின் பாஸ்தான், மற்றவர்கள் அதற்கு இரண்டு சுரத்தில் பதில் சொல்கிறார்கள். போனில் உங்களுக்குப் பதில் மட்டும் கேட்கும். ஒரு சாதாரண ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.